என் லிஃப்ட் நடுவில் நின்றதில்லை

என் மகள் ஒரு நாவல் எழுதினாள். அதில் என்னை அழ வைத்துவிட்டாள். புத்தகத்தைப் படித்து நான் அழுதேன் என்று சொல்லவில்லை. புத்தகத்துக்குள் நான் அழுகிறேன். மழை பெய்யும்போதெல்லாம் சமையலறை ஜன்னலோரம் நின்று, விட்டு வந்த ஊரை நினைத்து, சத்தம் வராமல் அழுகிறேன். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, அத்தியாயத்துக்கு அத்தியாயம். அவ்வளவு மழையை அவள் எங்கிருந்து பிடித்து வந்தாள் என்று தெரியவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பழைய அடுக்குமாடிகளில் என் கை படாத லிஃப்ட் கிடையாது. கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது எனக்கு. கூட வேலை பார்க்கிறவன் இந்த ஊர்க்காரன், நெட்டையன் என்று நான் வைத்த பெயர், லிஃப்ட் குழியில் இறங்கி நின்றாலும் அவன் தலை வெளியே தெரியும். அவன் என்னை 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவான். நாவலில் வருகிற அப்பாவோ கடைசிப் பக்கம் வரை வாயையே திறப்பதில்லை. கேட்டால் மௌனமும் ஒரு மொழியாம். மௌனம் ஒரு மொழி என்றால் என் வீட்டில் அது யாருக்கும் தெரியாத மொழி.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நாவலின் பெயர் 'இரண்டு மாடிகளுக்கு நடுவே'. புறப்பட்ட மாடிக்குத் திரும்பவும் முடியாமல், போக வேண்டிய மாடிக்குப் போய்ச் சேரவும் முடியாமல், நடுவில் தொங்கும் லிஃப்டைப் போன்றது குடியேறியவனின் வாழ்வு என்று பின் அட்டையில் ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். எனக்கு வந்ததே கோபம். நான் பராமரித்த லிஃப்ட் நடுவில் நின்றதில்லை. அப்படி நின்றால் அதற்குப் பெயர் வாழ்வு இல்லை, பழுது. கதவின் மின் தொடர்பில் கோளாறு இருக்கும், இல்லையென்றால் கரண்ட் போயிருக்கும். ஆளைக் கூப்பிட்டால் வந்து சரி செய்துவிட்டுப் போவான். அதற்கு முந்நூறு பக்கம் தேவையில்லை.

புத்தகத்தை மொட்டை மாடி மெஷின் ரூமில், மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரங்களில் படித்து முடித்தேன். அவள் எழுதியிருந்த இந்த ஊர்ப் பாஷை எனக்குத் தண்ணி பட்ட பாடு. பேசுவதைவிடப் படிப்பதற்குக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். படித்துவிட்டு வந்து என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவள் சலவைக் கடையில் துணிகளைப் பிரித்துத் தைத்து அளவு மாற்றிக் கொடுக்கிறவள். ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்.

"பொண்ணு எழுதினா எழுதிட்டுப் போறா. உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"உனக்கென்ன, சொல்லுவே. உன்னை அழகா, பாட்டெல்லாம் பாடற மாதிரி எழுதியிருக்கா."

"ஆமா. என்னை மட்டும் பாத்தது பாத்தபடி எழுதியிருக்கா."

என்ன குறைந்து போயிற்று என்று அவளுக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. புத்தகம் பிரபலமானதும் தெரிந்துவிட்டது. செய்தித்தாளில் மகளின் படம் வந்தது, ஓர் ஓரத்தில் நானும் இருந்தேன். கடை ஜன்னல்களில் புத்தகத்தை அடுக்கினார்கள். அந்த வாரத்திலிருந்து இந்த ஊரில் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

சொன்னால் சிரிப்பீர்கள். என் தொழிலில் திட்டு என்பது வணக்கம் மாதிரி. நான் படியேறும்போதே மூன்றாம் மாடியில் பியானோ சொல்லிக்கொடுக்கும் டீச்சர் கதவைத் திறந்துகொண்டு நிற்பார். "போன வாரம்தானே பார்த்தே? மறுபடியும் லிஃப்ட் கதவு இழுக்குது. கண்ணை எங்கே வச்சிருந்தே?" என்பார். நான் ஒன்று சொல்வேன், அவர் இரண்டு சொல்வார். அப்படியே இருபது வருஷம் ஓடியிருக்கிறது. விருந்தாளியை யாரும் திட்ட மாட்டார்கள். வீட்டு ஆளைத்தான் திட்டுவார்கள். இந்த ஊர் என்னை எவ்வளவு திட்டியிருக்கிறது என்று நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

புத்தகம் வந்த பிறகு ஒருநாள் அதே மூன்றாம் மாடிக்குப் போனேன். டீச்சர் நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காரச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு, காது கேளாதவனிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாகக் கேட்டார்.

"உங்க... ஊர்ல... இப்போ... மழையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க மாடி லிஃப்ட் கதவோட உருளை தேஞ்சு போச்சு. மாத்தணும்" என்றேன், அவர் பாஷையில்தான், வழக்கமான வேகத்தில்தான். நான் பேச்சை மாற்றித் துக்கத்தை மறைப்பதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவர் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் போகட்டும். நெட்டையனும் மாறிவிட்டான். அவன் மனைவி அவனுக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த நாள் குழியில் இறங்கப் போன என்னைத் தடுத்து, "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றான். ரேடியோ என்று கூப்பிடவில்லை. என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், அதுவும் தப்பில்லாமல். யாரிடமோ கேட்டுப் பழகியிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் இந்த ஊரில் அந்நியனாக உணர்ந்தது அந்த ஒரு நாள்தான்.

இந்த நிலைமையில் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயதாகிறது, எங்களுக்கு இன்னும் பாப்பாதான். பதிப்பகத்தார் அடுத்த புத்தகம் கேட்கிறார்களாம். அப்பாவை அவர் பிறந்த ஊருக்கு அழைத்துப் போக வேண்டும், அவர் அந்த மண்ணில் கால் வைப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அதைத்தான் எழுதப் போகிறாளாம்.

"நான் வரலை" என்றேன்.

"பயமா இருக்காப்பா? இத்தனை வருஷம் கழிச்சுப் போறது..."

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு அங்க வேலை இல்ல. நீ வேணும்னா போய்ட்டு வா."

"மழை பேஞ்சா இதே சமையலறை ஜன்னல்ல நிப்பியேப்பா நீ. நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது அந்த மேசைக்குக் கீழே உக்காந்து உன்னையே பாத்துட்டு இருப்பேன். கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டே."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. முந்நூறு பக்கமும் எங்கே முளைத்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பாப்பா, இங்க வா. இந்த ஜன்னல்லேர்ந்து என்ன தெரியுது?"

"எதிர்க் கட்டடம்."

"அதோட வாசப்படிக்குக் கீழே ஒரு சாக்கடை மூடி இருக்கு பார். மழைத் தண்ணி அந்த மூடி மேல ஏறிச்சுன்னா, ஆத்தோரத்துக் கட்டடம் எல்லாத்துலயும் லிஃப்ட் குழிக்குள்ள தண்ணி எறங்கும். ஒயர் நனைஞ்சா போச்சு. எப்போ ஏறும், மொதல்ல எந்த வீட்டுலேர்ந்து போன் வரும்னு பாத்துட்டு நின்னேன். அந்த நேரத்துல நீ என்ன, யார் கூப்பிட்டாலும் எனக்குக் காது கேக்காது."

அவள் சாக்கடை மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே குஷி. உண்மை ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். "இனிமே எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

"கேட்டேனேப்பா" என்றாள். குரல் மாறியிருந்தது. "ஸ்கூல்ல சேந்த நாள்லேர்ந்து என்னைக் கேக்கறாங்க, நீ எந்த ஊருன்னு. இந்த ஊருதான்னு சொல்வேன். சரி, நிஜமா எந்த ஊருன்னு கேப்பாங்க. வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டா, அதெல்லாம் உனக்கு எதுக்கு, போய்ப் படின்னு சொல்வே. லிஃப்டைப் பத்திக் கேட்டா விடிய விடியப் பேசுவே. ஊரைப் பத்திக் கேட்டா மட்டும் உனக்கு வாய் இருக்காது. நான் மௌனம்னு எழுதினது பொய்யா?"

அவள் விடவில்லை.

"உனக்காவது ஒரு ஊர் இருந்துச்சு. வேண்டாம்னு விட்டுட்டு வந்தே. எனக்கு வேண்டாம்னு சொல்றதுக்குக்கூட ஒண்ணு இல்ல. நான் பொறந்ததே இங்கதான், இங்கயும் என்னை வந்தவளாத்தான் பாக்கறாங்க. நீ அழுதேன்னு நெனச்சுக்கிட்டாத்தான், அழற அளவுக்கு நமக்கு ஏதோ இருந்துச்சுன்னு ஆகும். அதுவும் சாக்கடை மூடியாப் போச்சு."

அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் தோளைத் தொட்டாள். "சாப்பிட்டுப் போடி" என்றாள். மகள் சாப்பிடாமல் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க மனசு ஆறவில்லை. வந்தவன் நான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எனக்கு ஊர் ஏக்கம் வந்ததில்லை. இங்கேயே பிறந்தவளுக்கு அது வந்து உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்து என் தலையில் கட்டியிருக்கிறாள். வலி அவளுடையது, கண்ணீர் மட்டும் என்னுடையதாம். கோபப்படுவதா பரிதாபப்படுவதா என்று தெரியாமல் ஒரு பழைய பிரேக்கை எடுத்து வைத்துக்கொண்டு, பிரித்துப் பூட்டி, பிரித்துப் பூட்டி உட்கார்ந்திருந்தேன்.

நூலகத்தில் வாசிப்புக் கூட்டம் அதற்கு முன்பே ஏற்பாடாகியிருந்தது. மகள் ஓர் அத்தியாயம் வாசிப்பாள், பிறகு கேள்வி கேட்பார்கள், அப்பாவும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கும் அதில் ஒரு கணக்கு இருந்தது. நூலகம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. டீச்சர் வருவார், நெட்டையன் வருவான், என் கட்டடங்களில் பாதிப் பேர் வருவார்கள். அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, அவர்கள் பாஷையில், அவர்கள் வேகத்தில், "நான் பார்க்கிற லிஃப்ட் எதுவும் நடுவில் நிற்காது, நம்பி ஏறலாம், எனக்கு எந்த ஊரும் ஞாபகம் வரவில்லை, டீச்சர் கதவுதான் ஞாபகம் வருகிறது" என்று சொல்வதாக இருந்தேன். குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஹால் சிரிக்கும், நெட்டையன் பழையபடி ரேடியோ என்பான், டீச்சர் திட்டுவார். எனக்கு என் ஊர் திரும்பக் கிடைத்துவிடும். சண்டைக்குப் பிறகும் அந்த எண்ணத்தை நான் விடவில்லை. மகளுக்குச் சங்கடம்தான், ஆனால் நானும் மனிதன்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று ஹால் நிரம்பி, சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு முதல் வரிசையில் இடம். மனைவி எனக்குப் பின்னால். தமிழ் முகம் வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. மகள் மேடையில் நின்று மழை அத்தியாயத்தைத்தான் வாசித்தாள். வேறு பக்கம் எடுப்பாள் என்று நினைத்திருந்தேன், முன்பே அறிவித்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஜன்னல் வந்த இடத்தில் தடுமாறினாள். ஒரு வரியை விட்டுவிட்டு, திரும்பப் போய் வாசித்தாள். மற்றவர்களுக்கு அது உணர்ச்சிப் பெருக்கு மாதிரி தெரிந்திருக்கும். எனக்குச் சாக்கடை மூடிதான் தெரிந்தது.

கேள்வி நேரம் வந்ததும் டீச்சர்தான் முதலில் எழுந்தார். மகளைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"உங்களுக்கு... உங்க வீட்டுக்கு... திரும்பிப் போகணும்னு... ஏக்கமா இருக்கா?"

நூலகர் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு மேடையைப் பார்த்து, "அப்பா சொல்வதை நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்" என்றார். எனக்குப் பாஷை தெரியாது என்று அவரே முடிவு செய்துவிட்டார். நாவலைப் படித்தவர் அல்லவா.

நான் எழுந்தேன். குளியலறையில் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. மகளைப் பார்த்தேன். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். 'அப்பா, வேண்டாம்' என்று அவள் கண்ணைக் காட்டியிருந்தால்கூட நான் பேசியிருப்பேன். அவள் கெஞ்சவில்லை. வருவதை வாங்கிக்கொள்ளத் தயாராக, புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் நிஜமா எந்த ஊர் என்று கேட்டபோதும் இப்படித்தான் நின்றிருப்பாள்.

வாயைத் திறந்தால் தமிழ்தான் வந்தது.

"ஆமான்னு சொல்லிடு. ரொம்ப ஏங்கறார்னு சொல்லு."

எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டிய ஊர் அந்த இரண்டு வாக்கியத்தோடு போய்விட்டது என்று எனக்குத் தெரியும். போனால் போகட்டும் என்று மைக்கைத் தாழ்த்தினேன். மகள் தன் மைக்கை உயர்த்தினாள். ஹால் மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தது.

"பொய் சொல்லாதப்பா" என்றாள், தமிழில்.

முதல் வரிசையில் ஒரு அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"நீ எழுதினது பொய்னு ஆயிடக் கூடாது இல்ல?"

"அது ஏற்கெனவே பொய்தான். என்னைக் காப்பாத்தணும்னு நீ ஊமையாக வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நிஜமாவே ஏன்பா உனக்கு ஊர் ஞாபகம் வர்றதே இல்ல?"

சுற்றிப் பார்த்தேன். ஹால் நிறைய ஆட்கள், யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. வீட்டுச் சமையலறையில் முப்பது வருஷம் வராத பேச்சு அங்கே எனக்கு வந்தது. பின்னால் என் மனைவி தொண்டையைக் கனைத்தாள். சொல்லுங்க என்று அர்த்தம். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"எனக்கு அஞ்சு வயசுல அம்மா போயிட்டாங்க. அப்பா அதுக்கு முன்னாடியே. பெரியப்பா வீட்ல கொஞ்ச நாள், மாமா வீட்ல கொஞ்ச நாள், அத்தை வீட்ல கொஞ்ச நாள்னு வளந்தேன். யாரும் அடிக்கல, யாரும் பட்டினி போடல. தட்டு போடும்போது மட்டும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுப்பாங்க, இந்த மாசம் இவன் இங்கயான்னு. ஊருன்னு நெனச்சா எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வருது. இங்க வந்த மொத நாள் ஒரு ரூம் சாவியைக் கையில குடுத்தாங்க. அன்னிக்குத்தான் ஒரு கதவை உள்பக்கமா நானே தாழ் போட்டுட்டுத் தூங்கினேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா பாவம்னு பாப்பே. பெத்த பொண்ணு அப்படிப் பாக்கறது எனக்குப் பிடிக்காது."

"இப்போ ஊரே பாக்குதேப்பா."

"எல்லாம் உன் புண்ணியத்துல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும், எதற்கென்று தெரியாமல் ஹாலும் சிரித்தது. அப்புறம் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ எனக்குன்னு ஊரே இல்லையாப்பா?"

"இந்த ஊரை எடுத்துக்கோ. நான் உனக்குன்னு சேத்து வச்சது இது ஒண்ணுதான்."

"அவங்க குடுக்க மாட்டேங்கறாங்களேப்பா."

"எனக்கு மட்டும் யார் குடுத்தா? நானா எடுத்துக்கிட்டேன்."

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நூலகர் மெதுவாக மேடைக்குப் பக்கத்தில் வந்தார். டீச்சர் இன்னும் உட்காரவில்லை.

"அப்பா என்ன சொன்னார்? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்று நூலகர் கேட்டார்.

மகள் அவரைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு ஹாலில் இருந்த எல்லோரும் பேசுகிற அதே பாஷையில், அவர்கள் பேசுகிற அதே மாதிரி சொன்னாள்.

"மன்னிக்கணும். அது எங்க வீட்டு விஷயம்."